அகெயின்ஸ்ட் என்றால் எதிர்

எங்கள் வீட்டில் பாடம் படிப்பதென்றால் கத்தித்தான் படிக்க வேண்டும். சங்கரன்கோவிலில் நாங்கள் இருந்த தெருவில் வீட்டுக்கு இரண்டு, நான்கு என்று விசைத்தறி ஓடியது. காலையில் சுவிட்சைத் தட்டிவிட்டால் 'டடக் டடக்' என்று தொடங்கும் சத்தத்தில் தரை அதிரும், சொம்புத் தண்ணீரில் வளையம் வளையமாய் அலை எழும், பஞ்சுத் தூசி பறந்து வந்து இமை முடியில் உட்காரும். அதற்கு நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்து, "அபவுட் பற்றி, அபவ் மேலே, அக்ராஸ் குறுக்கே, அகெயின்ஸ்ட் எதிர்" என்று தொண்டை நரம்பு புடைக்க ஒப்பித்துக்கொண்டிருந்த ஏழாம் வகுப்புப் பிள்ளை நான்.

எங்கள் பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் சார் நாளைக்குப் பத்து வார்த்தை கொடுப்பார். நீள நோட்டில் நடுவே கோடு போட்டு, இடது பக்கம் இங்கிலீஷ், வலது பக்கம் தமிழ் என்று எழுதிக்கொள்ள வேண்டும். அதற்கு "மீனிங் நோட்டு" என்று பெயர். மறுநாள் காலையில் அவர் தமிழைச் சொன்னால் நாங்கள் இங்கிலீஷைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் வகுப்பு. யாராவது எழுந்து ஒரு வார்த்தைக்கு வேறு அர்த்தமும் உண்டா என்று கேட்டால் அவருக்குப் பிடிக்காது. "ஒரு வார்த்தைக்கு ஒரு அர்த்தம் போதும். ரெண்டாவது அர்த்தம் கேட்டியன்னா பரீட்சையில கொழம்பிப் போயிருவிய" என்பார். நான் குழம்பவே மாட்டேன். நோட்டு ஒன்று முடிந்து இரண்டாவது பாதிக்கு வந்திருந்தது. எந்தப் பக்கத்தில் எத்தனையாவது வரி என்று கேட்டாலும் சொல்வேன்.

வீட்டில் என்னிடம் பாடம் கேட்டவள் செல்விச் சித்தி. அப்பாவின் தம்பி முருகையாச் சித்தப்பாவைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அவள் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், இங்கிலீஷ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. தறிக்கு நூல் சுற்றிக் கொடுக்கும் எந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து, ஒரு கையால் அறுந்த நூலை முடிந்துகொண்டே, மடியில் விரித்து வைத்த நோட்டில் வலது பக்கத் தமிழை மட்டும் உரக்க வாசிப்பாள். நான் இங்கிலீஷில் பதில் சொல்வேன். சரியா தப்பா என்று சரிபார்க்க அவளால் முடியாது. ஆனாலும் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள். "என்னட்டி முழிக்க? இது தப்புத்தான?" என்று சிரிப்பாள். ஒரு தடவைகூட அவள் கணிப்புத் தவறியதில்லை.

கேட்டுக் கேட்டு அவளுக்கும் சில வார்த்தைகள் பழகிப்போயின. ஒரு நாள் மத்தியானம் சித்தப்பா தறியை நிறுத்திவிட்டு வந்து, பசியில், சோறு எங்கே என்று அவசரப்படுத்தியபோது, "கொஞ்சம் பேஷண்டா இருங்க" என்று அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள். என் நோட்டில் பேஷண்ட் என்றால் பொறுமை. சித்தப்பா திடுக்கிட்டு, "யாருக்குட்டி சீக்கு?" என்று எழுந்து வந்துவிட்டார். நோட்டே பார்க்காத மனிதருக்கு அந்த வார்த்தை ஆஸ்பத்திரி வழியாகத்தான் தெரிந்திருந்தது. நானும் சித்தியும் சுவரில் சாய்ந்து சிரித்தோம். சித்தப்பாவின் அறியாமையை நினைத்துச் சிரித்தோம் என்பதுதான் இப்போது நினைத்தால் கூசுகிறது.

தெருவில் எனக்கு ஒரு பேர் இருந்தது. மாத்திரை அட்டை, மிக்சி வாங்கினால் வரும் காகிதம், பிள்ளைகளின் தடுப்பூசி அட்டை என்று எதில் இங்கிலீஷ் இருந்தாலும் "கோமதியக் கூப்பிடு" என்பார்கள். நூல் மூட்டைகள் வந்து இறங்கிய ஒரு காலையில், மூட்டைமேல் பெரிய எழுத்தில் "யூஸ் நோ ஹூக்ஸ்" என்று அச்சடித்திருப்பதைக் கண்டு, எதிர்வீட்டு அக்கா என்ன போட்டிருக்கிறது என்று கேட்டாள். யூஸ், பயன்படுத்து. நோ, கூடாது. ஹூக், அதற்கு நோட்டே வேண்டாம், ரவிக்கையில் தைப்பது. "ஹூக்கு மாட்டிட்டு இதத் தொடக் கூடாதாம்" என்று சொன்னேன். நூல் இழுத்துவிடும் என்றுதான் சொல்கிறார்கள் போலும் என்று அவர்களாகவே காரணமும் கண்டுபிடித்து, நாலைந்து பெண்கள் சேலைமேல் குத்தியிருந்த ஊக்குகளைக்கூடக் கழற்றி வைத்துவிட்டு மூட்டையைப் பிரித்தார்கள். மூட்டை தூக்க வந்தவர் கையில் வைத்திருந்த இரும்புக் கொக்கியைச் சாக்கில் குத்தி இழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அதைத்தான் குத்தாதே என்று எழுதியிருக்கிறது என்பது அங்கே ஒருவருக்கும் தெரியாது. யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை. நான் சொன்னது தப்பு என்று சொல்லவும் ஆள் இல்லை.

அந்த வருடம் காலாண்டுப் பரீட்சை விடுமுறையில் செல்விச் சித்திக்குக் காய்ச்சல் கண்டது. சாதாரணக் காய்ச்சல் என்று மூன்று நாள் விட்டுவிட்டோம். நான்காம் நாள் முற்றத்து வெயிலில் தலை துவட்டிக்கொண்டிருந்தவளின் கண்ணைப் பார்த்து அம்மா, "ஏ செல்வி, கண்ணு என்ன இப்படி மஞ்சளாக் கெடக்கு" என்றாள். ஊர் டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுத் திருநெல்வேலிக்குக் கொண்டு போகச் சொன்னார். அம்மாவும் சித்தப்பாவும் துணைக்குப் போனார்கள். "பெரிய ஆஸ்பத்திரி, எல்லாம் இங்கிலீஷாத்தான் இருக்கும். இங்கிலீஷ் தெரிஞ்ச புள்ள ஒண்ணு கூட இருக்கட்டும்" என்று சொல்லி அப்பா என்னையும் அனுப்பினார். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு எனக்குப் பெருமை தாங்கவில்லை. மீனிங் நோட்டைத் துணிப்பையில் வைத்திருந்தேன்.

ஆஸ்பத்திரியில் நான் முதல் நாளே திணறிவிட்டேன். சுவரில் எழுதியிருந்ததை வாசிக்க முடிந்தது. டாக்டர் பேசியதைப் பிடிக்க முடியவில்லை. அவர் கட்டிலருகே வந்து நின்று சித்தியின் வயிற்றை அமுக்கிப் பார்ப்பார், பக்கத்தில் நிற்கும் நர்ஸிடம் இங்கிலீஷில் வேகவேகமாக என்னவோ சொல்வார், எங்களைத் திரும்பிப் பார்த்து "பாப்போம்" என்பார். அந்த ஒரு சொல்தான் எங்களுக்கு. அவர் போனதும் சித்தப்பா என் பக்கம் குனிந்து "என்ன சொல்லுதாரு?" என்று கேட்பார். 'பிளட்' என்று சொன்னது காதில் விழுந்திருக்கும், 'டுமாரோ' என்று விழுந்திருக்கும். "நாளைக்கு ரத்தம் எடுப்பாவளாம்" என்று சொல்வேன். மறுநாள் எடுக்கவும் செய்தார்கள். அவருக்கு என்மேல் நம்பிக்கை கூடியது.

ஐந்து நாள் ஆயிற்று. சித்தியின் மஞ்சள் குறையவில்லை. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே பேச்சாகப் பேசினார்கள். "காமாலைக்கு இங்கிலீஷ் மருந்து கெடையாது. இங்கன போட்டு எதுக்கு அந்தப் புள்ளய ஊசியால குத்துதிய?" என்றாள் மேலநீலிதநல்லூரிலிருந்து வந்த பெரியத்தை. அவர்கள் பக்கத்து ஊரில் ஒருவர் பச்சிலையை மோரில் கலக்கி மூன்று நாள் காலையில் கொடுப்பாராம், நான்காம் நாள் கண் வெளுத்துவிடுமாம். அதைக் கேட்டதிலிருந்து சித்தி வீட்டுக்குப் போகவேண்டும் என்று அழ ஆரம்பித்துவிட்டாள். "இந்த வாடையே எனக்கு ஆகல. கூட்டிட்டுப் போயிருங்க" என்று சித்தப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டாள்.

ஆறாம் நாள் அம்மா மாற்றுத்துணி எடுத்துவர ஊருக்குப் போயிருந்தாள். அறையில் நானும் சித்தியும் மட்டும் இருந்தோம். சித்தப்பா கையில் ஒரு தாளோடு உள்ளே வந்தார். பின்னாலேயே வந்த நர்ஸ் வாசலருகே நின்று வெளியே யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். தாள் முழுக்க இங்கிலீஷில் அச்சடித்திருந்தது, அடியில் கையெழுத்துப் போடக் கோடு இருந்தது.

"ஏட்டி கோமதி, என்ன போட்டிருக்குன்னு நல்லா வாசிச்சுச் சொல்லு. சத்தமாச் சொல்லு, சித்தியும் கேக்கட்டும்" என்றார் சித்தப்பா.

சத்தமாகத்தான் வாசித்தேன். நோயாளியை எங்கள் விருப்பத்தின்பேரில் அழைத்துப் போகிறோம் என்பதுவரை தடுமாறாமல் வந்துவிட்டது. அடுத்தது "அகெயின்ஸ்ட் மெடிக்கல் அட்வைஸ்". அட்வைஸ் என்றால் யோசனை சொல்வது. அகெயின்ஸ்ட் என்றால் எதிர். எதிர் என்றால் எனக்குத் தெரிந்தது எதிர்வீடு, கோவிலுக்கு எதிரே இருக்கும் பூக்கடை. "டாக்டர் யோசனை சொன்ன பெறவு, அவரு எதிர்ல வச்சே கூட்டிட்டுப் போறோம்னு போட்டிருக்கு" என்றேன். அடுத்தது "ஓன் ரிஸ்க்". ரிஸ்க் என்ற வார்த்தையை எங்கள் தெருவில் எல்லாரும் சொல்வார்கள். "ஒனக்காக ரிஸ்க் எடுத்து வந்தேன்" என்றால் சிரமப்பட்டு வந்தேன் என்று பொருள். "நாமளே சிரமப்பட்டு வண்டி பிடிச்சுப் போய்க்கிடுவோம், ஆஸ்பத்திரி வண்டி வேண்டாம்னு போட்டிருக்கு" என்றேன்.

அதற்கும் அடுத்த வரியில் "கான்ஸிக்வென்ஸஸ்" என்று ஒரு வார்த்தை இருந்தது. அது என் நோட்டில் இல்லை. எழுத்துக் கூட்டிப் பார்த்தேன், எதுவும் பிடிபடவில்லை. அந்த என்னவோ எங்களுக்குப் புரியும் மொழியில் விளக்கிச் சொல்லப்பட்டது என்று அந்த வாக்கியம் முடிந்தது. மொழி, புரிதல், விளக்கம் மூன்றும் எனக்குத் தெரிந்த வார்த்தைகள். நடுவிலிருந்த ஒன்றுதான் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நர்ஸ் நாலடி தூரத்தில்தான் நின்றார், கேட்டிருக்கலாம். சித்தப்பா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். சித்தி தலையணையில் சாய்ந்தபடி, வழக்கமாக என் முகத்தைப் பார்த்துத் தப்பைக் கண்டுபிடிப்பவள், கண்ணை மூடிக் கிடந்தாள். அவள் கண் திறந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நான் யோசிக்காத வருடம் இல்லை.

"எல்லாம் நமக்கு வெளக்கிச் சொல்லிட்டாவன்னு போட்டிருக்கு. வேற ஒண்ணும் இல்ல சித்தப்பா, சரியாத்தான் இருக்கு" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் தாளைப் பிடித்துக்கொண்டே நின்றார். "வேற ஒண்ணும் இல்லையா?" என்று இன்னொரு தடவை கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். தாளைச் சுவரில் வைத்து அழுத்தித் தமிழில் கையெழுத்துப் போட்டார்.

ஊருக்கு வந்த முதல் இரண்டு நாள் சித்தி நன்றாகத்தான் இருந்தாள். உப்பில்லாத மோர்சோறு சாப்பிட்டாள், விடியற்காலையில் பச்சிலை குடிக்கக் காரில் போய்வந்தாள். என்னைக் கூப்பிட்டு நோட்டைக் கொண்டுவரச் சொல்லி ஒரு பக்கம் கேட்கவும் செய்தாள். மூன்றாம் நாள் பகலெல்லாம் தூங்கினாள். எழுப்பினால் எழுந்து, அவளுடைய தங்கச்சியின் பேரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டாள். நான் விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்து, "சித்தி, நான் கோமதி" என்றேன். அவள் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "கோமதி பள்ளிக்கூடத்துக்குல்லா போயிருக்கா" என்றாள். கை லேசாக உதறிக்கொண்டே இருந்தது. நான் அம்மாவிடம் ஓடினேன். அம்மா வந்து கன்னத்தில் தட்டித் தட்டிக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு அழத் தொடங்கினாள். மறுபடியும் கார் வந்தது. சித்தப்பாவும் அப்பாவும் அவளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். திருநெல்வேலி போய்ச் சேருவதற்குள்ளேயே முடிந்துவிட்டது.

கார் தெருவுக்குள் திரும்பி வந்தது சாயங்காலம் நாலு மணி இருக்கும். ஒவ்வொரு வீடாகத் தறிகளை நிறுத்தினார்கள். பண்டிகைக்குக்கூட அப்படி ஒன்றாக நின்று நான் கேட்டதில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் சித்தியின் அண்ணன்மார் இருவரும் சித்தப்பாவைப் பிடித்துக்கொண்டார்கள். ஆஸ்பத்திரிக் காகிதக் கட்டிலிருந்து அந்தத் தாளின் நகலை எடுத்துக்கொண்டு போய், ஊரில் படித்த ஒருவரிடம் காட்டியிருந்தார்கள். "டாக்டர் கூட்டிட்டுப் போகாதன்னு சொன்னதுக்கு மாறா, எது நடந்தாலும் நானே பொறுப்புன்னு ஒப்புப் போட்டுக் குடுத்திருக்கான். எங்க தங்கச்சியக் கொன்னுட்டு வந்து நிக்கான்" என்று பெரியவர் கத்தினார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். எதிர் என்ற சொல்லுக்கு இரண்டாவது அர்த்தத்தை நான் கற்றுக்கொண்டது அங்கேதான். 'எது நடந்தாலும்' என்று அவர் சொன்னதுதான் எனக்குத் தெரியாத அந்த வார்த்தையாக இருக்கவேண்டும் என்பதும் புரிந்தது.

சித்தப்பா இப்போது சொல்லுவார், 'எனக்கென்ன தெரியும், கோமதிதான் வாசிச்சா' என்று சொல்லுவார் என்று காத்திருந்தேன். அவர் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, அதற்குப் பிறகு எத்தனையோ கல்யாணத்திலும் கருமாதியிலும் "ஒப்புப் போட்டுக் கூட்டிட்டு வந்தவன்" என்று அவர் காதுபட யார் யாரோ பேசியபோதும் சொல்லவில்லை. மறுகல்யாணம் பேசி வந்தபோது வேண்டாம் என்றார். நான் பேசியிருக்கவேண்டும். பன்னிரண்டு வயதில் பயந்து பேசவில்லை, பதினெட்டில் இனி எதற்கு என்று பேசவில்லை, கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பிறகு, இத்தனை நாள் கழித்துப் பேசினால் ஏன் இத்தனை நாள் பேசவில்லை என்று கேட்பார்களே என்று பேசவில்லை.

நான் இங்கிலீஷ் படித்தேன். பக்கத்து ஊர் அரசுப் பள்ளியில் இங்கிலீஷ்தான் சொல்லிக் கொடுக்கிறேன். வார்த்தையைத் தனியாகக் கொடுப்பதில்லை, வாக்கியத்தில் வைத்துத்தான் கொடுப்பேன். ஒரு வார்த்தைக்கு நாலு வாக்கியம் எழுதிப் போடுகையில் பின்வரிசைப் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். ஏன் இவ்வளவு என்று அவர்களுக்கு நான் சொன்னதில்லை.

போன மாதம் சித்தப்பாவுக்குக் கண்ணில் புரை எடுக்கத் திருநெல்வேலிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இப்போது அவருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. ஆபரேஷனுக்குமுன் கையெழுத்து வாங்கும் தாள் சுத்தமான தமிழில் இருந்தது. அதையும் ஒரு பெண் பக்கத்தில் உட்கார்ந்து வரிவரியாக வாசித்துக் காட்டி, "புரிஞ்சுதா தாத்தா? ஏதாவது கேக்கணுமா?" என்று கேட்டாள். சித்தப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

கண்ணில் பச்சைத் துணி கட்டி வெளியே கொண்டுவந்து உட்கார வைத்த பிறகு, கூடத்தில் மற்ற நோயாளிகளோடு நாங்களும் காத்திருந்தோம். மற்றக் கண்ணிலும் பார்வை மங்கல்தான், என் முகம் அவருக்குத் தெரியாது என்பதால்தான் எனக்கு வாய் வந்திருக்க வேண்டும்.

"சித்தப்பா, அன்னைக்கு நான் வாசிச்சுச் சொன்னது தப்பு" என்றேன்.

எது என்று அவர் கேட்கவில்லை.

"டாக்டர் எதிர்ல வச்சுன்னு சொன்னேன். அப்படி இல்ல, டாக்டர் சொன்னதுக்கு மாறான்னு அர்த்தம். ஒரு வார்த்தை எனக்குத் தெரியவே செய்யாது. தெரியாதுன்னு சொல்ல வெக்கப்பட்டு விட்டுட்டேன்."

"எனக்குத் தெரியும்ட்டி" என்றார்.

"என்ன தெரியும்?"

"பேப்பரக் கையில குடுக்கும்போதே அந்த நர்ஸம்மா சொல்லிட்டாவ. தமிழ்லதான் சொன்னாவ. 'கூட்டிட்டுப் போனா உயிருக்கு உத்தரவாதம் இல்ல அண்ணாச்சி, இன்னும் நாலு நாள் கெடக்கட்டும்'னாவ."

அவர் பக்கம் திரும்பினேன். "பெறவு எதுக்கு என்னைய வாசிக்கச் சொன்னிய?"

"அவ போவணும் போவணும்னு அழுதுட்டுக் கெடந்தா. இருன்னு சொல்ல எனக்கு வாய் வரல. நீ வாசிச்சியன்னா, அதுல இருக்கதக் கேட்டு அவளே பயந்து, சரி இருக்கேன்னு சொல்லிருவான்னு நெனச்சேன்." கட்டின துணியின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "நீ ஒண்ணும் இல்லன்னு சொன்ன. ரெண்டாந் தடவையும் கேட்டேன், அப்பவும் இல்லன்ன. பேப்பருல அப்படித்தான் போட்டிருக்கு போல, நர்ஸம்மா சும்மா பயங்காட்டுதாவ போலன்னு நெனச்சுட்டேன். நெனச்சுக்கிட்டேன்."

கையிலிருந்த பில்லை நாலாக மடித்தேன்.

"உம்மேல ஒண்ணும் இல்ல மக்கா. நான்லா சொல்லியிருக்கணும்" என்றார்.

அவர் என்னைத் தேற்றத்தான் அதைச் சொன்னார். இத்தனை வருடமும் நான் மறைத்து வைத்தது ஒன்று, அவர் மறைத்து வைத்தது வேறொன்று. இரண்டையும் எடுத்து வெளியே வைத்தோம், வைத்த பிறகும் இருவரில் ஒருவருக்கும் பாரம் இறங்கவில்லை. பக்கத்தில் ஒரு பாட்டி சொட்டு மருந்து கேட்டுச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு பையன் மருந்துச் சீட்டின்மேல் கைபேசியைப் பிடித்து, அதிலிருந்த இங்கிலீஷ் தமிழாக மாறுவதைத் தன் அப்பாவிடம் காட்டிக்கொண்டிருந்தான். இங்கிலீஷ் தெரிந்த பிள்ளை என்று யாரையும் இப்போதெல்லாம் துணைக்கு அனுப்பத் தேவையில்லை.

சித்தப்பா என் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"ஏட்டி, அவ கொரலு எப்படி இருக்கும்னு ஒனக்கு ஞாபகம் இருக்கா?"

அவள் சொன்னதெல்லாம் ஞாபகம் இருந்தது. குரலைத் தேடினேன். வார்த்தைகள் வந்தன, எல்லாம் என் குரலில் வந்தன.

"இல்ல சித்தப்பா" என்றேன்.

"எனக்கும் இல்ல" என்றார் அவர்.